நாப்பதாயிரம் ரிசீப்ட்டு, ஒண்ணு ஒண்ணா கேட்டா விடிஞ்சிரும்

கேள்வி: அண்ணே வணக்கம். பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு சின்ன கணக்கு ஆபீஸ்ல வேலை பாக்குறேன். படிச்சது கம்ப்யூட்டர், அதனால கம்ப்யூட்டர் சம்பந்தமா எது வந்தாலும் என் தலைலதான் கட்டுவாங்க. ஒரு கிளையண்டுக்கு எத்தீரியத்துல (கிரிப்டோ காசு ஓடுற ஒரு பிளாக்செயின்) 2023லேர்ந்து சுமார் 40,000 டிரான்ஸாக்ஷன் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ரிசீப்ட் எடுத்து கேஸ் ஃபீஸ் (டிரான்ஸாக்ஷன ஓட்டுறதுக்கு கட்டுற கூலி) எவ்ளோன்னு போடணும். அவங்களுக்கு சொந்த நோடு (செயினோட பிளாக்குகள வச்சிருக்கற கம்ப்யூட்டர்) இருக்கு, கெத் சாஃப்ட்வேர், ஜெர்மனில ஒரு சர்வர்ல ஓடுது. பைத்தான்ல லூப் போட்டு ஹேஷ (ஒவ்வொரு டிரான்ஸாக்ஷனோட அடையாள எண்) ஒண்ணு ஒண்ணா கேக்குறேன், ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகுது, நடுவுல லைன் கட்டானா திரும்ப முதல்லேர்ந்து. அதவிட பெரிய தலைவலி, பழைய ஹேஷுக்கெல்லாம் "நல்"னு, அதாவது ஒண்ணும் இல்லன்னு வருது, ஆனா எக்ஸ்ப்ளோரர்ல (செயின தேடிப் பாக்குற வெப்சைட்) போயி பாத்தா அதே டிரான்ஸாக்ஷன் ஜம்முன்னு இருக்கு. நோடு கெட்டுப் போச்சா?
— வாசகி, செந்தூல்

பதில்: நோடு நல்லாதான் இருக்கு தங்கச்சி, கேக்குற விதத்த மாத்தணும். முதல்ல அந்த "நல்" கதைய சொல்லிடுறேன், ஏன்னா வேகத்த கூட்டுறது அப்புறம் பாத்துக்கலாம், ஆனா இது புரியாம கணக்க முடிச்சீங்கன்னா பாதி ஃபீஸ் விட்டுப் போயிரும், கிளையண்டு கேக்கும்போது முழிப்பீங்க.

ஹேஷ வச்சு ரிசீப்ட் கேட்டா நோடு என்ன பண்ணும்னா, இந்த ஹேஷ் எந்த பிளாக்ல (டிரான்ஸாக்ஷன்கள சேத்துக் கட்டுன மூட்டை) இருக்குன்னு ஒரு இண்டெக்ஸ்ல தேடும், புத்தகத்துக்கு பின்னாடி பக்க எண் அட்டவணை இருக்குமே அது மாதிரி. கெத் அந்த அட்டவணைய எல்லா காலத்துக்கும் வச்சிருக்காது, நீங்க எதுவும் மாத்தலன்னா கடைசி 23,50,000 பிளாக்குக்கு மட்டும்தான் வச்சிருக்கும். 12 செகண்டுக்கு ஒரு பிளாக்குன்னு போட்டா சுமார் 326 நாள். அதுக்கு முன்னாடி உள்ளதுக்கு அட்டவணை இல்ல, ஆனா பக்கம் அப்படியேதான் இருக்கு. பக்க எண்ண சொல்லி கேட்டா எடுத்துக் குடுக்கும்! நம்ம வருமான வரி வாரியம் எல்எச்டிஎன் 7 வருஷத்துக்கு ரெக்கார்டு வச்சிருக்க சொல்லுது, நோடு ஒரு வருஷத்துக்குக்கூட அட்டவணை வச்சிருக்கல, அந்த இடைவெளிலதான் நீங்க மாட்டியிருக்கீங்க.

அதனால பழசுக்கு "எத் கெட் பிளாக் ரிசீப்ட்ஸ்"ங்கற கட்டளைய கூப்பிடுங்க. பிளாக் நம்பர் குடுத்தா அந்த பிளாக்ல உள்ள அத்தன ரிசீப்ட்டும் ஒரே பதில்ல வந்து விழும், உங்களுக்கு வேணுங்கற ஹேஷ மட்டும் பொறுக்கி எடுத்துக்கலாம். பிளாக் நம்பருக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க, எக்ஸ்ப்ளோரர்லேர்ந்து இறக்குற சிஎஸ்வி ஃபைல்ல அது ஒரு பத்தியா இருக்கும். இன்னொரு வழி, "ஹிஸ்டரி டிரான்ஸாக்ஷன்ஸ்"ங்கற செட்டிங்க 0ன்னு வச்சா முழு செயினுக்கும் அட்டவணை போட்டுடும், ஆனா அதுக்கு நேரமும் டிஸ்க்கும் தின்னும், நோடு கிளையண்டோடது வேற, ஒரு வேலைக்காக அவங்க சர்வர்ல கை வைக்க நான் சொல்ல மாட்டேன்.

இப்ப வேகம். கேஎல்லேர்ந்து ஜெர்மனி போயி வர ஒரு கேள்விக்கு 200 மில்லி செகண்டுன்னு வைங்க, 40,000 தடவ போயி வந்தா 8,000 செகண்டு, அதான் உங்க ரெண்டே கால் மணி நேரம். நோடு வேலை செஞ்ச நேரம் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் பயணம். மாமாக் கடைல உக்காந்து ஒரு ரொட்டி சொல்லி, அது வந்ததுக்கப்புறம் அடுத்த ரொட்டி சொல்ற கதை. புது ஹேஷுக்கு பேட்ச்சா அனுப்புங்க, நோடுகிட்ட கேள்வி கேக்குற முறையான ஜேசான் ஆர்பிசில பல கேள்விய ஒரே லிஸ்ட்டா குடுக்கலாம். கெத்ல ஒரு பேட்ச்சுக்கு 1,000 கேள்வி, பதில் 25 எம்பி, அதுதான் வழக்கமான எல்லை, நான்னா 200க்கு மேல போக மாட்டேன். பதில் நீங்க கேட்ட வரிசைலதான் வரணும்னு சட்டம் இல்ல, ஐடிய வச்சு ஜோடி சேருங்க, வரிசைய நம்பி ஒட்டுனா ஒருத்தர் ஃபீஸ் இன்னொருத்தர் தலைல விழும். மொத்த பேட்ச்சும் ஓகேன்னு வந்தாலும் உள்ள ஒண்ணு ரெண்டு எரரா இருக்கலாம், அதையும் பாருங்க.

எல்லாத்தையுமே பிளாக் பிளாக்கா எடுத்துட்டா என்னன்னா, உங்க டிரான்ஸாக்ஷன் ஒரே பிளாக்ல நிறைய இருந்தா அது லாபம், பிளாக்குக்கு ஒண்ணுன்னு சிதறி கிடந்தா அந்த ஒண்ணுக்காக நூத்துக்கணக்குல அடுத்தவங்க ரிசீப்ட்ட இறக்கணும். சிதறுன புதுசுக்கு பேட்ச், பழசுக்கு வேற வழியில்ல பிளாக்தான். வந்தத உடனே எஸ்க்யூலைட்ங்கற சின்ன டேட்டாபேஸ்ல எழுதிடுங்க, லைன் கட்டானா விட்ட எடத்துலேர்ந்து புடிச்சுக்கலாம்.

கணக்கு ஆளுங்களுக்கு ஒண்ணு. ரிசீப்ட்ல கேஸ் எவ்ளோ செலவாச்சு, என்ன விலைன்னு இருக்கும், ரெண்டையும் பெருக்குனா ஃபீஸ். எவ்ளோ ஈத்தர் (எத்தீரியத்தோட காசு) அனுப்புனாங்கங்கறது ரிசீப்ட்லயே இருக்காது, அத டிரான்ஸாக்ஷன்லதான் எடுக்கணும். "ஃப்ரம்", அதாவது அனுப்புனது, உங்க கிளையண்டு இல்லன்னா அந்த ஃபீஸ் அவங்க செலவு இல்ல, காசு வந்த டிரான்ஸாக்ஷனுக்கெல்லாம் ஃபீஸ் போட்டுறாதீங்க. எண்ணெல்லாம் ஹெக்ஸ்ல (16ஐ அடிப்படையா வச்ச எண் முறை) வரும், 5208னு வந்தா அது 21,000. அப்புறம் தயவு செஞ்சு வெய் (ஈத்தரோட ரொம்ப சின்ன அலகு) கணக்க அப்படியே எக்செல்ல ஒட்டாதீங்க, அது 15 இலக்கத்துக்கு மேல வச்சுக்காது, ஒரு ஈத்தரே வெய்ல 19 இலக்கம், வால் பக்கம் சத்தமில்லாம பூஜ்ஜியமா மாறிடும்.

கேள்வி: ரிசீப்ட்ல ஸ்டேட்டஸ் 0ன்னு வருது, ஆனா ஈத்தர் கொறைஞ்சிருக்கு. ஃபெயிலானதுக்கும் காசா?
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஆமா தம்பி. நோடுங்க உங்க வேலைய ஓட்டிப் பாத்துதானே ஃபெயில்னு சொல்லுச்சு, அந்த கூலி திரும்ப வராது. அனுப்ப நினைச்ச தொகை மட்டும் உங்ககிட்டயே இருக்கும். மேல எழுதுன தங்கச்சியும் இத கவனிக்கணும், ஃபெயிலானதுல லாக் (டிரான்ஸாக்ஷன் ஓடும்போது பதியற குறிப்பு) எதுவும் இருக்காது, அதனால லாக்க மட்டும் தேடி கணக்கு போட்டா இந்த ஃபீஸ் எதுவுமே கண்ணுல படாது.