பாதிச் சர்க்கரை ஜாம்

ஐயா,

தோட்டத்து மரத்தில் இந்த வருடம் பழம் கொட்டித் தீர்த்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நால்வரும் உட்கார்ந்து நறுக்கி, இருப்பதிலேயே பெரிய பாத்திரத்தில் எட்டு கிலோவையும் ஒன்றாகப் போட்டு ஜாம் கிளறினோம். உடம்புக்கு நல்லதென்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தேன். இரண்டரை மணி நேரம் கொதித்தும் கெட்டிப்படவில்லை. மூன்றாவது வாரம் அலமாரியில் இருந்த ஜாடிகளில் பூசணம். மேலாகச் சுரண்டிவிட்டு மீதியைச் சாப்பிடலாமா? அடுத்த முறை என்ன செய்வது?

வி.

அன்புள்ள வி.,

சாப்பிட வேண்டாம். மேலே தெரிவது கொஞ்சம்தான், அதன் இழைகள் உள்ளே இறங்கியிருக்கும். சில பூசணங்கள் நஞ்சும் விடும். மனம் வராது, ஆனாலும் கொட்டிவிடுங்கள்.

ஜாமில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. பழத்திலுள்ள தண்ணீரை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. பூசணத்துக்குக் கிடைக்க விடாது. அலமாரியில் நிற்கும் பழைய முறை ஜாமில் 60, 65 சதவீதம் சர்க்கரைதான். குறைப்பது தப்பில்லை. குறைத்தால் அதன் இடம் ஃப்ரிட்ஜ், அவ்வளவுதான்.

கெட்டிப்படாததற்குக் குறைந்த சர்க்கரையோடு பெரிய பாத்திரத்தின் மேலும் என் சந்தேகம். பழத்தில் இயற்கையாக உள்ள பெக்டின் என்ற பசைப்பொருள், சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்தால்தான் ஜாமை உறைய வைக்கும். மணிக்கணக்கில் கொதித்தால் அந்தப் பெக்டினே சிதைந்துவிடும். வாயகன்ற பாத்திரத்தில் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோவாகப் போட்டு வேகமாகக் கொதிக்க விடுங்கள். சுமார் 105 டிகிரி செல்சியஸில் பதம் வரும். வெப்பமானி இல்லையென்றால் ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளிப் பாருங்கள், சுருங்கினால் இறக்கலாம். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள், அடுப்புப் பக்கம் மட்டும் வராமல். நன்றாகக் கனிந்ததில் பெக்டின் குறைவு என்பதால் கால் பங்கு செங்காயாக இருக்கட்டும். என் முதல் ஜாமும் ஓடியதுதான். சாஸ் என்று பெயர் மாற்றிப் பரிமாறினேன்.

அப்புறம், எட்டு கிலோவையும் ஏன் ஜாமாக்க வேண்டும்? பாதியை நறுக்கி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். கல்லானதும் பையில் போட்டுத் தேதி எழுதிவிடலாம். ஓய்ந்த நேரத்தில் அதையே ஜாமாகவும் கிளறலாம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்த்தால் மாலைக்குள் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

என்ன பழம் என்று எழுதவில்லையே? அத்தி, பப்பாளி, வாழை என்றால் புளிப்பு போதாது. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (எண் கூடினால் புளிப்பு குறைவு) 4.6ஐத் தாண்டும் பழத்தை எலுமிச்சைச் சாறு சேர்க்காமல் ஜாடியில் அடைத்து வெளியே வைப்பது பூசணத்தைவிட ஆபத்து. உள்ளே வளரும் கிருமி கண்ணுக்கே தெரியாது. பெயரை எழுதுங்கள், சாற்றின் அளவைச் சொல்கிறேன்.