ஓட்டமும் படிப்பும்: எந்தக் கல்லூரி?

கேள்வி: மகள் 400 மீட்டர் ஓடுகிறாள். பொறியியல் படிக்க ஆசை. கல்லூரியில் எதைப் பார்ப்பது?

பதில்: பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, சான்றிதழ்களை அசலாகவே எடுத்துச் செல்லுங்கள்.

கல்லூரி வாசலில் அடுக்கியிருக்கும் கோப்பைகளை வைத்து முடிவெடுக்க வேண்டாம். போட்டிக்குப் போன நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு) உண்டா, தவறிய இன்டர்னல் தேர்வையும் லேப்பையும் மறுபடி வைப்பார்களா என்று உடற்கல்வி இயக்குநரிடமும் துறைத்தலைவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். இருவர் பதிலும் ஒத்துப்போகாத கல்லூரி வேண்டாம். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் செமஸ்டர் எழுதுவதே சிக்கல்.

காலை ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போங்கள். சிந்தெடிக் டிராக்கா, மண் தரையா, பயிற்சியாளர் வந்திருக்கிறாரா என்று பாருங்கள். பயிற்சி முடிந்து எட்டரைக்குப் போனாலும் மெஸ்ஸில் முட்டை கிடைக்குமா? அங்கே ஓடும் பெண்களிடமே கேளுங்கள்.