அடிக்கடி காயமடையும் ரன்னிங் பேக்கை டிரேட் செய்யலாமா? – கேள்வி பதில்

என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஒப்பந்தம், சம்பள வரம்பு (ஓர் அணி ஓர் ஆண்டில் வீரர்களுக்குக் கணக்கெழுதக்கூடிய உச்சத் தொகை), வீரர் பரிமாற்றம் (டிரேட்) பற்றிக் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி ஒரே கேள்வி: காயத்தால் அடிக்கடி உட்கார்ந்துவிடும் ரன்னிங் பேக்கை (பந்தை வாங்கி ஓடும் தாக்குதல் வீரர்) அணி விற்றுவிட வேண்டுமா? ஆகவே, 2022 அக்டோபர் 20 அன்று கரோலைனா பாந்தர்ஸ் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸுக்குக் கொடுத்ததை மையமாக வைத்துப் பதில் சொல்கிறேன்.

கே: சார், வருஷா வருஷம் அடிபடுற ஆளுக்குக் கோடிக்கணக்கில் கொடுத்து எதுக்கு வெச்சுக்கணும்? வித்துட வேண்டியதுதானே?

முதலில் என்ன அடி என்று சொல்லுங்கள். பிறகுதான் விற்பதைப் பற்றிப் பேச முடியும். இன்று இதைப் பலமுறை சொல்லப்போகிறேன்.

மெக்காஃப்ரி 2019இல் 287 முறை பந்தை வாங்கி ஓடினார், 116 பந்துகளைப் பிடித்தார். மொத்தம் 403 முறை பந்து அவர் கையில். ஓட்டத்தில் 1,387 யார்டு, பிடித்ததில் 1,005 யார்டு. ஒரே பருவத்தில் இரண்டிலும் ஆயிரத்தைத் தாண்டியவர்கள் அவருக்கு முன் ரோஜர் கிரெய்க்கும் (1985) மார்ஷல் ஃபாக்கும் (1999) மட்டுமே. 2020 ஏப்ரலில் நான்கு ஆண்டுக்கு 6.4 கோடி டாலர் நீட்டிப்பு கிடைத்தது. அதற்குப் பிறகு 2020இல் 3 ஆட்டம், 2021இல் 7 ஆட்டம். அதாவது 33 ஆட்டங்களில் 10.

எண்ணிக்கையோடு நிறுத்தினால் விற்கத்தான் தோன்றும். காயங்களைப் பிரித்துப் பாருங்கள். 2020இல் கணுக்காலின் மேல்பகுதிச் சுளுக்கு, பிறகு தோள், பிறகு தொடை. 2021இல் ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்தசை), பிறகு மறுபடி கணுக்கால். ஒரே மூட்டு திரும்பத் திரும்பப் போகவில்லை. கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்பையும் சேர்த்துப் பிடிக்கும் தசைநார் இழுபட்டால் நான்கிலிருந்து ஆறு வாரம் வேண்டும். அவசரப்பட்டு மூன்றாவது வாரம் இறக்கினால் நேராக ஓடுவார், காலை ஊன்றித் திரும்பமாட்டார். ஹாம்ஸ்ட்ரிங்கில் ஆபத்து வேறு: ஒருமுறை கிழிந்தவருக்கு மறுபடி கிழியும் வாய்ப்பு கூடுதல், அதுவும் திரும்பி வந்த முதல் சில வாரங்களில். இரண்டுமே ஆறக்கூடியவை.

முழங்காலின் ஏசிஎல் (மூட்டைப் பிடிக்கும் முன் தசைநார்) அறுந்தால் ஆடுகளம் திரும்பவே ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகும், பழைய துள்ளல் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் வரும். நியூயார்க் ஜயன்ட்ஸின் ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லிக்கு 2020 செப்டம்பரில் அறுந்தது. 2021இல் 593 யார்டு, 2022இல் 1,312 யார்டு. இப்படிப்பட்டவரை முதல் ஆண்டில் விற்றால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும். முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்துகொண்டே போகிறது என்றால் நிலைமை நேர் எதிர். வாங்க ஒருவர் வந்தால் அன்றே கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அது ஓய்வில் வளர்ந்துவராது.

கே: டெட் கேப் என்கிறார்களே, ஆளே போன பிறகு அவர் பெயரில் எப்படிக் கணக்கு விழுகிறது?

நல்ல கேள்வி. டிரேட் பற்றிப் பேசும் பலரும் தாண்டிப் போகும் இடம் இது.

கையெழுத்து போனஸை அணி முன்னதாகவே கொடுத்துவிடும். சம்பள வரம்பில் மட்டும் அதை ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதும், அதிகபட்சம் ஐந்து ஆண்டு. ஐந்தாண்டு ஒப்பந்தம், 1 கோடி டாலர் போனஸ் என்று வையுங்கள். ஆண்டுக்கு 20 லட்சம் எழுதப்படும். மூன்றாம் ஆண்டு மார்ச்சில் விற்றால் மீதமுள்ள 60 லட்சமும் அந்த ஆண்டுக் கணக்கிலேயே விழும். ஜூன் 1க்குப் பிறகு விற்றால் அந்த ஆண்டுக்கு 20 லட்சம், மிச்சம் 40 லட்சம் மொத்தமாக அடுத்த ஆண்டுக்கு. பணம் ஏற்கெனவே வெளியே போய்விட்டது. எழுதாமல் விட்ட பாக்கிதான் ஒரேயடியாக வந்து நிற்கிறது, அதுதான் டெட் கேப். வாங்கும் அணி அதில் ஒரு டாலரையும் சுமக்காது.

மெக்காஃப்ரி விஷயத்தில் 2022 மார்ச்சில், வரம்பில் இடம் பிடிப்பதற்காக, பாந்தர்ஸ் அவருடைய சம்பளத்தில் பெரும்பகுதியைப் போனஸாக மாற்றிவிட்டது. மிஞ்சிய அடிப்படைச் சம்பளம் 10.35 லட்சம் டாலர். அது 18 வாரத் தவணையாகப் போகும். டிரேட் நடந்தபோது ஆறு தவணை கொடுத்தாகிவிட்டது, பாக்கி பன்னிரண்டு. ஆக, ஃபார்ட்டிநைனர்ஸுக்கு அந்தப் பருவச் செலவு 6.9 லட்சம் டாலர் மட்டுமே. பாந்தர்ஸுக்கோ 2023 கணக்கில் 1.8 கோடிக்கு மேல் டெட் கேப்.

அதற்குப் பதிலாகக் கிடைத்தவை: 2023 ட்ராஃப்டில் (புதிய வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) இரண்டாம், மூன்றாம், நான்காம் சுற்றுத் தேர்வுகள், 2024இல் ஐந்தாம் சுற்றுத் தேர்வு. இரண்டு ஆண்டில் 10 ஆட்டம் ஆடியவருக்கு இந்த விலை எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு பாதி விடை இங்கே இருக்கிறது. சம்பளத்தை விற்பவர் விழுங்கினால் வாங்குபவர் தேர்வுகளைக் கூட்டிக் கொடுப்பார். மறு பாதி, அந்தப் பருவத்தின் முதல் ஆறு ஆட்டத்திலும் அவர் ஆடியிருந்தார்.

கே: என் ஃபேன்டஸி (இணையக் கற்பனை அணி விளையாட்டு) அணியில் இவரை வைத்துக்கொள்ளலாமா, மாற்றலாமா?

அது வேறு கணக்கு. சம்பள வரம்பும் கிடையாது, மருத்துவப் பரிசோதனையும் கிடையாது. இங்கே பதில் சொல்லவில்லை.

கே: மெஸ்ஸி மாதிரி ஆட்களுக்கும் இதே விதியா?

இல்லை. அது கால்பந்து, அங்கே கிளப்புகள் பணம் கொடுத்து வாங்குகின்றன. இங்கே பேசுவது அமெரிக்கக் கால்பந்து.

கே: டிரேட் அறிவித்த பிறகு ரத்தாகுமா?

ஆகும். பொதுவாக வாங்கும் அணியின் மருத்துவர் பார்த்துத் தேறினால்தான் முடிந்ததாக அர்த்தம். தேறாவிட்டால் ஆள் திரும்பி வருவார், கூடவே "தேறாதவர்" என்ற பெயரும் வரும். அடுத்து கேட்பவன் பாதி விலைதான் சொல்வான். அதனால் ஸ்கேன் படங்களையும் அறுவைக் குறிப்புகளையும் விலை பேசும்போதே காட்டிவிடுவது விற்பவருக்குத்தான் நல்லது.

கே (சான் ஹோசே, ஃபார்ட்டிநைனர்ஸ் ரசிகர்): ஷார்லட்காரர்கள் (பாந்தர்ஸ்) ஏமாந்துவிட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். 2023இல் 1,459 யார்டு, 21 டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது), ஆண்டின் சிறந்த தாக்குதல் வீரர் விருது, சூப்பர் பௌல் இறுதி ஆட்டம்வரை அணி. நாலு தேர்வுக்கு இப்படி ஒருத்தரா?

வாங்கியவருக்கு லாபம் என்பதால் விற்றவருக்கு நஷ்டம் என்று ஆகாது. விற்ற அன்று பாந்தர்ஸ் ஒரு வெற்றி, ஐந்து தோல்வி. பயிற்சியாளர் மேட் ரூலை நீக்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. நிலையான குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) இல்லை. மெக்காஃப்ரிக்கு வயது 26. அந்த அணி தலைநிமிர மூன்று ஆண்டு என்று வைத்தால் அவருக்கு 29 ஆகியிருக்கும். ரன்னிங் பேக்கின் நல்ல ஆண்டுகளைத் தோற்கும் அணியில் எரிப்பதுதான் பெரிய வீண்.

அவர் போன பிறகு நடந்ததையும் பாருங்கள். டான்டா ஃபோர்மனும் சூபா ஹப்பார்டும் ஓடினார்கள். டிசம்பர் 24 அன்று டெட்ராய்ட்டுக்கு எதிராக அணி 320 யார்டு ஓடியது, பாந்தர்ஸ் வரலாற்றிலேயே அதிகம். ஃபோர்மன் 165, ஹப்பார்டு 125. மீதி 11 ஆட்டத்தில் 6 வெற்றி. வரிசையில் நிற்கும் தடுப்பாளர்கள் வழிவிட்டால் மலிவான கால்களும் ஓடும்.

கே (சான் ஹோசே, மறுபடி): அப்படியானால் எதிரணி பயந்தது யாரைப் பார்த்து? ஃபோர்மன் பந்து பிடிப்பாரா? மெக்காஃப்ரி வந்த இரண்டாவது வாரமே ராம்ஸுக்கு எதிராக எறிந்து ஒன்று, பிடித்து ஒன்று, ஓடி ஒன்று என மூன்று டச்டவுன். வந்த கொஞ்ச நாளில் தொடர்ந்து பத்து வெற்றி.

இதை முழுதாக ஏற்கிறேன். பந்து பிடிக்கும் ரன்னிங் பேக் வேறு இனம். அவர் மைதானத்தில் இருந்தால் எதிரணி அவருக்கு எதிராக லைன்பேக்கரை (கனமான தற்காப்பு வீரர்) வைப்பதா, கார்னரை (வேகமான தற்காப்பு வீரர்) வைப்பதா என்றே தெரியாமல் திணறும். ஆனால் அந்தத் திணறலைப் பயன்படுத்த கைல் ஷானஹன் போல ஒரு பயிற்சியாளரும் சுற்றிலும் நல்ல ஆட்களும் வேண்டும். ஒரே வீரர் ஓர் அணிக்குத் தொடர்ந்த 10 வெற்றியில் பங்கு, இன்னோர் அணிக்கு 1 வெற்றி, 5 தோல்வி. மதிப்பு இடத்தைப் பொறுத்து மாறும்போதுதான் டிரேட்டே நியாயமாகிறது.

கே (சான் ஹோசே): சரி, கிடைத்த தேர்வை வைத்து என்ன கிழித்தார்கள்?

இரண்டாம் சுற்றுத் தேர்வு 61ஆவது இடமாக வந்தது. அதை 9ஆவது இடம், 2024இன் முதல் சுற்று, 2025இன் இரண்டாம் சுற்று, வீரர் டிஜே மூர் எல்லாவற்றோடும் சேர்த்து சிகாகோவுக்குக் கொடுத்து முதலிடம் வாங்கி குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்கை எடுத்தார்கள். 2023இல் 2 வெற்றி, 15 தோல்வி. கொடுத்த முதல் சுற்று 2024இல் முதலிடமாகவே சிகாகோவுக்குப் போனது. மிக மோசமான விலை. ஆனால் அது வேறு முடிவு. நெல்லை நல்ல விலைக்கு விற்றவர் அந்தப் பணத்தில் வாங்கிய மாடு கறக்கவில்லை என்றால் நெல் விற்றது தப்பாகிவிடாது.

கே (ஷார்லட்): நன்றி சார். 2024இல் அவர் நாலே ஆட்டம். நாங்கள் விற்றது சரி என்று அதிலேயே தெரியவில்லையா?

நீங்களும் அதே தவறைத் திருப்பிச் செய்கிறீர்கள். 2024இல் இரண்டு குதிகால் தசைநாணிலும் அழற்சி, முதல் எட்டு ஆட்டம் போயிற்று. திரும்பி வந்து நான்காவது ஆட்டத்தில், பஃபலோவில், முழங்காலின் பிசிஎல் (பின் தசைநார்) காயம். 2022 அக்டோபரில் யாருக்கும் இது தெரியாது. ஒரு பருவம் போனதால் ஆள் முடிந்துவிட்டார் என்றும் எழுதாதீர்கள்.

ஃபார்ட்டிநைனர்ஸைக் குறை சொல்வதானால் 2024 ஜூனைப் பிடியுங்கள். பழைய ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டு பாக்கி இருக்கும்போதே, 28ஆவது பிறந்தநாளை நெருங்கும் ரன்னிங் பேக்குக்கு மேலும் இரண்டு ஆண்டு, 3.8 கோடி டாலர் நீட்டிப்பு. வாங்கியது சரி. முன்கூட்டியே நீட்டித்ததில் எனக்கு உடன்பாடில்லை. ராம்ஸ் 2018இல் ரன்னிங் பேக் டாட் கர்லிக்கு 4.5 கோடி உத்தரவாதத்தோடு நீட்டித்து 2020 மார்ச்சில் விடுவித்ததைப் பார்த்த பிறகாவது எல்லா அணிகளும் பாக்கி ஆண்டு தீரும்வரை பொறுக்க வேண்டும்.

சான் ஹோசே, ஷார்லட் இருவரும் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: எப்போது விற்றால் விலை அதிகம்?

ஆள் ஆடிக்கொண்டிருக்கும்போது, பருவத்தின் நடுவில், ஒப்பந்தத்தில் ஆண்டுகள் பாக்கி இருக்கும்போது. ரன்னிங் பேக் டிஆண்ட்ரே ஸ்விஃப்ட் டெட்ராய்ட் லயன்ஸில் மூன்று பருவத்திலும் சில ஆட்டங்களைத் தவறவிட்டவர். 2023 ட்ராஃப்டில் லயன்ஸ் 12ஆவது இடத்தில் இன்னொரு ரன்னிங் பேக் ஜமீர் கிப்ஸை எடுத்த பிறகு, ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் ஃபிலடெல்ஃபியாவுக்கு விற்றது. கிடைத்தது 2025இன் ஒரு நான்காம் சுற்றும் இரு அணிகளும் ஏழாம் சுற்றுத் தேர்வை மாற்றிக்கொண்டதும். புதிய ஆளை எடுத்த பிறகு பழைய ஆளை விற்கப் போனால் உங்கள் அவசரம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஸ்விஃப்ட் அந்த ஆண்டு 1,049 யார்டு ஓடினார்.

அதைவிட மோசம் நியூயார்க் ஜயன்ட்ஸ். 2023இல் பார்க்லி ஓராண்டு ஒப்பந்தத்தில் இருந்தார். அக்டோபர் கடைசியில் அணி 2 வெற்றி, 6 தோல்வி. தற்காப்பு வீரர் லியோனர்ட் வில்லியம்ஸை சியாட்டிலுக்கு இரண்டாம், ஐந்தாம் சுற்றுகளுக்கு விற்றார்கள், பார்க்லியை வைத்துக்கொண்டார்கள். 2024 மார்ச்சில் அவர் ஒப்பந்தம் முடிந்து ஈகிள்ஸுக்குப் போய் 2,005 யார்டு ஓடி சூப்பர் பௌலும் வென்றார். அவருக்கு ஈடாக டிரேட்டில் ஒரு தேர்வுகூட வரவில்லை.

கே: இந்த வாரம் என் ஃபேன்டஸி லீக்கில்...

மேலே சொல்லிவிட்டேன்.

கே: வாங்கும் அணி காயத்துக்குப் பயந்து விலையைக் குறைத்தால் என்ன செய்வது?

நிபந்தனைத் தேர்வு கேளுங்கள். நான்காம் சுற்று என்று எழுதி, அணியின் தாக்குதல் ஆட்டங்களில் பாதிக்கு மேல் களத்தில் இருந்தால் மூன்றாம் சுற்றாக உயரும் என்று சேர்க்கலாம். யார்டுக் கணக்கை நிபந்தனையாக வைக்காதீர்கள். நல்ல உடம்போடு இருந்தும் வேறு ஆளுக்குப் பந்து போகலாம், பிறகு சண்டைதான். களத்தில் இருந்த எண்ணிக்கையில் தகராறு வராது.

கே: விற்காமல் காப்பாற்ற வழியே இல்லையா?

உண்டு, அணி வெல்லும் நிலையில் இருந்தால். இரண்டாவது ரன்னிங் பேக்கை உண்மையாகவே பயன்படுத்துங்கள். வாரத்துக்கு 25 முறை கொடுப்பதை 15, 16ஆக இறக்குங்கள். மூன்றாம் டவுனில் (தாக்கும் அணியின் மூன்றாம் முயற்சி) பாய்ந்து வரும் லைன்பேக்கரைத் தடுக்கும் வேலையை இன்னொருவருக்குக் கொடுங்கள். புதன்கிழமைப் பயிற்சியில் ஓய்வு. முன்னிலை 17 புள்ளியைத் தாண்டினால் நான்காம் கால்பகுதியில் உட்கார வையுங்கள். 2019இல் மெக்காஃப்ரியின் சுமை இப்படிக் குறைக்கப்படவில்லை.

கே: எங்கள் அணி ரன்னிங் பேக்குக்கும் அடிக்கடி அடிபடுகிறது. விற்கலாமா?

என்ன அடி? ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு பாக்கி? போனஸ் எவ்வளவு எழுதாமல் இருக்கிறது? மூன்றையும் எழுதி மறுபடி கேளுங்கள்.

கே: டிரேட் கெடு எப்போது?

2024 முதல் ஒன்பதாம் வார ஆட்டங்கள் முடிந்த செவ்வாய்க்கிழமை. அதற்கு முன் எட்டாம் வாரம் முடிந்த செவ்வாய்.