அயர்லாந்தின் பழைய கிராமத்து வீடுகள்: கேள்வி பதில்

கேள்வி: இந்த வீடுகள் எல்லாம் ஒரே அறை அகலத்தில் நீளமாக இருக்கின்றனவே, இடப் பற்றாக்குறையா?

பதில்: இடம் இருந்தது, நல்ல மரம்தான் இல்லை. காடுகள் அழிந்துவிட்டதால், சதுப்பு நிலத்துக்குள் புதைந்து கிடந்த பழைய மரங்களைத் தோண்டியெடுத்துக்கூட கூரைக்குப் போட்டார்கள். மரம் எட்டும் தூரமே வீட்டின் அகலம். கூடுதல் அறை வேண்டுமென்றால் நீளவாக்கில் சேர்ப்பார்கள்.

கேள்வி: அங்கே கல் வீடுதானே வழக்கம்? மண் வீடுகளும் உண்டு என்று சொல்வது தவறு.

பதில்: தவறில்லை. மேற்குக் கரையில் எங்கு பார்த்தாலும் கல், அதனால் கல் சுவர். தென்கிழக்கே வெக்ஸ்ஃபோர்டு பக்கம் களிமண்ணில் வைக்கோல் சேர்த்து மிதித்துக் குழைத்து, கவைக்கோலால் அள்ளி அடுக்கடுக்காக ஏற்றினார்கள். ஒரு அடுக்கு இறுகிய பிறகுதான் அடுத்தது. பக்கங்களை மண்வெட்டியால் செதுக்கி நேராக்குவார்கள். மேலே சுண்ணாம்பு அடித்துவிட்டால் கல்லா மண்ணா என்று தெரியாது.

கேள்வி: படங்களில் எல்லாமே கல்தான். மண் என்றால் ஏழைகளின் குடிசையாக இருக்கும்.

பதில்: குடிசைகளும் இருந்தன. 1841 கணக்கெடுப்பில் வீடுகளை நாலு தரமாகப் பிரித்தார்கள். கடைசித் தரம் ஒற்றை அறை மண்குடிசை. மொத்த வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதுதான். 1845-இல் தொடங்கிய பெரும் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் குடும்பங்கள் செத்தும் கப்பலேறியும் போக, குடிசைகளும் கரைந்துபோயின. பிறகு படம் எடுத்தவர்களுக்குக் கல் வீடுகள்தான் அதிகம் மிஞ்சின. ஆனால் வெக்ஸ்ஃபோர்டில் வசதியான விவசாயிகள் மாடி வைத்தே மண் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அதை ஏழ்மையின் அடையாளமாக மட்டும் பார்ப்பது அந்தக் கைவேலைக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: பழைய சுவருக்கு சிமென்ட் பூசலாமா?

பதில்: கூடாது. சுவருக்குள் போன ஈரம் வெளியேற வழி வேண்டும். சிமென்ட் அதை அடைத்துவிடும். மண் சுவர் உள்ளேயே ஊறி இடியும். சுண்ணாம்பு பூசுங்கள்.

கேள்வி: உள்ளே என்னென்ன சாமான் இருக்கும்?

பதில்: சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண் எரியும் கணப்பு. இரவில் தணலைச் சாம்பலால் மூடி, காலையில் கிளறி ஊதுவார்கள். பகலில் பெஞ்சாக இருப்பது இரவில் முன்பக்கம் விரிந்து, தரையில் பெட்டிக் கட்டிலாகிவிடும். பாத்திர அலமாரியின் கீழ்த்தட்டில் சட்டம் அடித்துக் கோழி அடைப்பதும் உண்டு. வடமேற்கில் கணப்புக்குப் பக்கத்துச் சுவரையே வெளியே தள்ளிக் கட்டி, அந்தக் கதகதப்பான மாடத்தில் கிழவர்களுக்குப் படுக்கை போட்டார்கள்.

கேள்வி: கூரை வேய இப்போது என்ன செலவாகும்?

பதில்: கூரை வேய்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: சுண்ணாம்பில் கொஞ்சம் சிமென்ட் கலந்தால்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். கலந்தாலும் கூடாது.

கேள்வி: தரைக்கு மட்டும்?

பதில்: தரைக்கும் வேண்டாம். அங்கே அடைபட்ட ஈரம் சுவரில்தான் ஏறும்.