ஓட இடமில்லை

கேள்வி: விண்வெளி நிலையத்தில் ஓட்டை விழுந்து காற்று வெளியேறும் படம் ஒன்றைப் பார்த்தேன். அபாய மணி ஒலித்ததும் வீரர்கள் அனைவரும் நடைக்கூடத்தில் தலைதெறிக்க ஓடுகிறார்கள். நிஜத்திலும் அப்படித்தானா?

பதில்: தலை தெறிக்கலாம், ஓட முடியாது. பாதம் தரையில் பாவினால்தானே ஓட்டம்? சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒருவர் ஓட விரும்பினால், தோளிலும் இடுப்பிலும் வார் மாட்டி, டிரெட்மில்லோடு தம்மைக் கட்டிக்கொள்ள வேண்டும். அப்போதும் அவர் இருந்த இடத்திலேயே இருப்பார். நிலையம்தான் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, ஒன்றரை மணி நேரத்தில் பூமியைச் சுற்றி முடிக்கும். நடிகர்களைக் கம்பியில் தொங்கவிடுவது பெருஞ்செலவு என்பதால், 'செயற்கை ஈர்ப்பு விசை' என்று வசனத்தில் ஒரு வரியைச் சேர்த்து எல்லோரையும் தரையிறக்கிவிடுகிறார்கள்.

ஓட்டைக்கு வருகிறேன். 2018 ஆகஸ்ட் இறுதியில் அதே நிலையத்தில் காற்றழுத்தம் மெல்லக் குறையத் தொடங்கியபோது, அங்கிருந்த ஆறு பேரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். உடனடி ஆபத்தில்லை என்று கணித்த தரைக்கட்டுப்பாட்டு மையம், அவர்கள் வழக்கமான நேரத்தில் எழும்வரை காத்திருந்து, அதன் பிறகே செய்தியைச் சொன்னது. தேடிப் பார்த்ததில், நிலையத்தோடு இணைந்திருந்த, வீரர்களை ஏற்றிவரும் சோயுஸ் கலத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் துளை. ஒருவர் அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார், அப்புறம் ஒட்டுநாடா, அதற்கும் அப்புறம் எபாக்ஸிப் பசை. இதை உள்ளபடி படமாக்கினால் இடைவேளைவரை திரையில் எல்லோரும் தூங்கவேண்டும், அரங்கிலும்தான்.

'இருக்கையின் நுனிக்கே இழுத்துவரும் படம்' என்று வாரந்தோறும் எழுதும் எங்கள் விமர்சகரோடு எனக்குப் பழைய தகராறு உண்டு. அவர் மனம் குளிர, அவசரம் நிஜமாகவே அவசரமாக இருந்த ஒரு நாளையும் சொல்கிறேன். 1997 ஜூன் 25 அன்று சரக்குக் கலம் ஒன்று ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் மோதி, ஸ்பெக்டர் என்ற பிரிவைத் துளைத்துவிட்டது. அழுத்தம் குறைவதைக் காதிலேயே உணர்ந்த வீரர்கள், அந்தப் பிரிவின் வாசலை அடைக்கப் போனால், வாசல் வழியே கத்தையாகக் கேபிள்கள்! அவ்வீரர்களில் லசூட்கினும் மைக்கேல் ஃபோலும் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, கழலாததை அறுத்து, மூடியைப் பொருத்தினார்கள். காற்று வெளியேறுவது நின்றது. ஆனால் ஸ்பெக்டரின் சூரியத் தகடுகளிலிருந்து நிலையத்துக்கு மின்சாரம் வந்துகொண்டிருந்ததும் அந்தக் கேபிள்கள் வழியாகத்தான்.