ராமேஸ்வரத்தில் கடலைத் தவிர

வணக்கம்.

மே மாத விடுமுறைக்குக் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போகிறோம். எட்டாவது படிக்கும் பையனுக்குப் பறவைப் பித்து. யாரைக் கேட்டாலும் கோயில், தீர்த்தம், தனுஷ்கோடி என்கிறார்கள். ராமநாதபுரம் தாண்டினால் வெறும் முள்காடுதான், பார்த்திருக்கிறேன். அந்தத் தீவில் கடற்கரையை விட்டால் பார்க்க ஏதாவது உண்டா? கடற்பசுவைப் பார்க்க முடியுமா? தம்பி ட்ரோன் வைத்திருக்கிறான், கொண்டுபோகலாமா?

கு., திருப்பூர்

அன்புள்ள கு.,

முடிந்தால் முதலில் மாதத்தை மாற்றுங்கள். மே மாதத்தில் நீங்கள் பார்க்கப்போவது நிஜமாகவே முள்காடுதான். இந்தக் கரைக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை மழை. அது பெய்து கண்மாய் நிரம்பினால்தான் மற்றதெல்லாம். அரையாண்டு விடுமுறையோ பொங்கலோ தோதான நேரம்.

அப்புறம், தீவுக்குப் போகும் அவசரத்தில் கண்மாய்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ராமநாதபுரம் ஊர் ஓரத்திலேயே சக்கரக்கோட்டைக் கண்மாய் இருக்கிறது. முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம்; நயினார்கோவில் பக்கம் தேர்த்தங்கல். நான்குமே பறவைகள் சரணாலயம், நான்குமே உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ளவை. மழை பொய்த்த ஆண்டில் இவை ஆடு மாடு மேயும் பொட்டல். தண்ணீர் நின்ற ஆண்டில், கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் அரிவாள்மூக்கனும் கிளைக்குக் கிளை கூடு கட்டியிருக்கும். மரங்கள் ஒன்றும் உயரமில்லை. அடியில் தண்ணீர் கிடப்பதால் நாயும் பூனையும் வராது, அந்தத் தைரியம்தான். நாம் திட்டித் தீர்க்கும் சீமைக்கருவேலிலும் கட்டும். பறவைக்கு நம் சண்டை தெரியாது.

தீவுக்குள், தனுஷ்கோடிச் சாலையில் எல்லோரும் சாலை முடியும் அரிச்சல்முனைக்குப் பறப்பார்கள். நீங்கள் கோதண்டராமர் கோயில் பக்கம் வண்டியை நிறுத்துங்கள். சுற்றிலும் ஆழமில்லாத உப்புநீர். மழைக்காலத்துக்குப் பிறகு பூநாரைகள் (ஃபிளமிங்கோ) வருவது அங்கேதான். 2025இல் தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்றே சரணாலயம் அறிவித்தார்கள். தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே இருக்கும்படி வைத்து, நீரை வடிகட்டித் தின்னும். எல்லாம் ரோஜா நிறத்தில் இருக்கும் என்று பையனுக்கு ஆசை காட்ட வேண்டாம். நிறம் தீனியிலிருந்து மெல்ல ஏறுவது, இளசுகள் சாம்பலாகத்தான் இருக்கும்.

தனுஷ்கோடியில் என்னை நிறுத்தி வைப்பது ஊற்றுதான். ஒரு பக்கம் ஆண்கடல் என்கிற மன்னார் வளைகுடா, மறுபக்கம் பெண்கடல் என்கிற பாக் விரிகுடா. நடுவே மணலைத் தோண்டினால் குடிக்கிற தண்ணீர். மணலில் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் கரித்துவிடும். அதனால் அங்குள்ள பெண்கள் ஆழம் குறைவாகத் தோண்டி, ஊற ஊற மொண்டுகொள்வார்கள். 1964 புயல் ஊரையே கொண்டுபோன பிறகும் அங்கே ஆட்கள் குடியிருக்க முடிகிறதென்றால், அதில் இந்தத் தண்ணீருக்குப் பெரிய பங்கு உண்டு. பனைக்கும் உடைமரத்துக்கும் அதுவேதான். குடை விரித்ததுபோல் தட்டையான தலையோடு நிற்குமே, அதுதான் உடை. நீங்கள் முள்காடு என்று ஒரே வார்த்தையில் தள்ளியதில் அதுவும் இருக்கிறது. சீமைக்கருவேல் வந்தேறி, உடை இந்த மண்ணின் மரம். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் ரயில் பயணமே வேறு மாதிரி ஆகிவிடும்.

தொண்டிப் பக்கம் காரங்காட்டுக்கும் அரைநாள் ஒதுக்குங்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகலாம். அங்கே நிற்கும் வெண்கண்டல் மரத்தின் இலையைப் பையனை நக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், உப்பு கரிக்கும். வேர் வழியே ஏறிய உப்பை இலை வெளியே தள்ளுகிறது.

கடற்பசுவைப் பார்க்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். கடலடியில் புல் மேய்கிற பிராணி. மூச்சுக்கு மேலே வந்தாலும் மூக்கு நுனியைக் காட்டிவிட்டு இறங்கிவிடும். 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கான காப்பகமாக அறிவித்தார்கள், ஆனால் அது தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடல். காட்டுகிறேன் என்று யாராவது படகுக்குக் காசு கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளும் அப்படித்தான். 1986 முதல் தேசியப் பூங்கா. நினைத்தபடி இறங்க முடியாது. வனத்துறைப் படகு ஓடினால் அதில் மட்டும் போங்கள்.

ட்ரோன் வீட்டிலேயே இருக்கட்டும். சரணாலயத்தில் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. தலைக்கு மேல் ஏதாவது சுற்றினால் கூட்டில் இருக்கும் பறவை எழுந்துவிடும். அந்த நேரத்தில் காகம் முட்டையைக் கொத்தும், குஞ்சு வெயிலில் காயும். பையனுக்கு ஒரு நல்ல பைனாகுலரை இரவலாவது வாங்கிக் கொடுங்கள். உங்கள் ஊரிலேயே நஞ்சராயன் குளம் இருக்கிறது, அதுவும் சரணாலயம்தான். மே மாதம் அங்கே பழகட்டும், டிசம்பரில் ராமநாதபுரம் போகலாம்.