வெள்ளி இரவே மலை ஏறிவிடலாமா?

கேள்வி: காலாண்டு விடுமுறையில் செங்கோட்டை வழியாகக் கேரளா போய்வர ஆசை. நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அத்தை. வெள்ளிக்கிழமை கணவர் வேலை முடிந்து வந்ததும் கிளம்பி இரவோடு இரவாக மலையைத் தாண்டிவிட்டால் பாலருவி, தென்மலை, அச்சன்கோவில், கொல்லம், வர்க்கலை எல்லாம் ஞாயிறு மாலைக்குள் பார்த்துவிடலாம் என்கிறார். அவர் மலையில் வண்டி ஓட்டியதில்லை. அத்தைக்கு வளைவு வந்தாலே குமட்டும். நண்பரின் காரைக் கேட்டிருக்கிறோம். சரிப்பட்டு வருமா?
– பாளையங்கோட்டை வாசகி

பதில்: வெள்ளிக்கிழமையே கிளம்புங்கள். ஆனால் அன்று இரவு மலை ஏற வேண்டாம். உங்கள் கணவரிடம் மற்ற எதையும் விட்டுக்கொடுக்கலாம், இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நீங்கள் போகப்போவது கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை. ஜல்லியும் மணலும் ஏற்றிய லாரிகள் கேரளாவுக்குப் போகிற வழி அதுதான். புளியரையைத் தாண்டியதும் எஸ் வளைவு. எதிரே வரும் லாரியின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது சாலையின் ஓரம் எங்கே முடிகிறது என்று புதிதாக ஓட்டுபவருக்குத் தெரியாது. சில வருடங்களுக்கு முன் ஒரு மழைநாளில், இருட்டுகிற நேரத்தில் நான் அங்கே ஏறினேன். மேலே ஒரு லாரி பழுதாகி நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் மூன்று மணி நேரம் காருக்குள்ளேயே இருந்தோம். எனக்கு முன்னால் நின்ற காரில் ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு பொழுது சாய்ந்தால் நான் அந்த மலையில் ஏறுவதில்லை.

சரி, வெள்ளிக்கிழமை என்ன செய்வது? மாலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாக எட்டு மணிக்குள் தென்காசி வந்துவிடலாம். நேரே பிரானூர் பார்டருக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பரோட்டா வாங்கிக்கொடுங்கள். இன்றைய எல்லை மலை மேல் இருக்க, கீழே இருக்கும் இந்த இடத்துக்கு ஏன் பார்டர் என்று பேர் என்று அவர்கள் கேட்டால் சொல்லுங்கள்: செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கத்தில் இருந்தது. எல்லை மேலே போய்விட்டது, பேர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. இரவு குற்றாலத்தில் தங்குங்கள். சீசன் அடங்கும் நேரம் என்பதால் கூட்டம் குறைவாக இருக்கும். விடிந்ததும் ஐந்தருவியில் ஒரு குளியல்.

சனிக்கிழமை காலை அத்தைக்கு இரண்டு இட்லி போதும். பரோட்டா, பொரித்தது எதுவும் மலை ஏறும் முன் கூடாது. அவரை முன் சீட்டில் உட்கார வைத்து, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, தூரத்துச் சாலையையே பார்க்கச் சொல்லுங்கள். பின் சீட்டில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்தால் குமட்டல் நிச்சயம், இது பிள்ளைகளுக்கும் பொருந்தும். அப்படியும் அத்தை பயந்தால் இன்னொரு வழி இருக்கிறது. செங்கோட்டையிலிருந்து புனலூர் பக்கம் போகும் ரயிலில் கணவரைத் தவிர நீங்கள் எல்லோரும் ஏறி, தென்மலையில் இறங்கிக்கொள்ளலாம். 1904-இல் மீட்டர்கேஜாகத் தொடங்கி, அகலப்பாதையாக மாற்றி 2018-இல் மறுபடி திறந்த தடம் அது. ஏற்றம் அதிகம் என்பதால் ரயில் நிதானமாகத்தான் போகும். குகைகளும் பாலங்களும் பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுக்க நினைவிருக்கும். ரயில் நேரத்தை மட்டும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

உங்கள் கணவருக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். இறக்கம்தானே என்று நியூட்ரலில் விட்டால் பிரேக் சூடாகி, பிடிக்காமல் போய்விடும். வளைவுக்கு முன் ஹாரன் அடியுங்கள், ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். செங்கோட்டையிலிருந்து புனலூர் சுமார் 50 கிலோமீட்டர்தான். நாற்கரச் சாலைக் கணக்கில் அதை முக்கால் மணி நேரம் என்று போட்டுவிடாதீர்கள். எங்கும் நிற்காமல் போனாலே அதைப்போல இரண்டு மடங்கு ஆகும். நீங்களோ நிற்கத்தான் போகிறீர்கள்.

பாலருவியில் உங்கள் காரை நுழைவிடத்தில் விட்டுவிட்டு வனத்துறை வண்டியில் போக வேண்டும். தண்ணீர் அதிகமானால் அருவியை மூடிவிடுவார்கள், அதனால் குற்றாலத்தில் தங்கும் இடத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஆரியங்காவு அய்யப்பன் கோவில். கழுதுருட்டியில் சாலையை ஒட்டியே பதிமூன்று கண் பாலம் வரும், ஓரமாக நிறுத்திப் பாருங்கள். மதியத்துக்குத் தென்மலை. கல்லடை ஆற்றின் அணை, செந்துருணிக் காடு, இவற்றுக்கு ஒரு அரைநாள் கொடுங்கள். இரவும் அங்கேயே தங்குங்கள்.

அச்சன்கோவிலை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். மேக்கரை வழியாகப் போகும் அந்தக் காட்டுப்பாதை குறுகலானது, யானை நடமாட்டம் உள்ளது. மலையில் முதல் தடவை ஓட்டுபவருக்கு அது வேண்டாம். கொல்லம், வர்க்கலையையும் எடுத்துவிட்டேன். கடல் நமக்கு உவரியிலும் இருக்கிறது, மலைக்காட்டின் நடுவே ஒரு ராத்திரிதான் கிடைக்காது.

ஞாயிறு வந்த வழியே திரும்ப வேண்டாம். குளத்துப்புழையில் சாஸ்தா கோவில் ஆற்று மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டு, பாலோடு, நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரம், அங்கிருந்து நாகர்கோவில், ஆரல்வாய்மொழி, திருநெல்வேலி. சனி காலை மேற்கே போகும்போது வெயில் முதுகில் இருக்கும், ஞாயிறு மாலை கிழக்கே திரும்பும்போதும் முதுகில்தான். வழியில் தக்கலையில் பத்மநாபபுரம் அரண்மனை. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அதை நிர்வகிப்பது கேரள அரசு. பார்டர் கதையைக் கேட்ட பிள்ளைகளுக்கு இதையும் காட்டுங்கள். திங்கட்கிழமை விடுமுறை.

நண்பரின் கார் சொந்த போர்டாக இருந்தால் எல்லையில் பெர்மிட் கேட்க மாட்டார்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் நான்கும் இருக்கட்டும், தேதி முடியவில்லையா என்று இன்றே பாருங்கள். ஆனால் அந்தக் காருக்கு வாடகை என்று பணம் பேசாதீர்கள். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கை விரித்துவிடும். டீசல் போட்டுக் கொடுங்கள், கழுவிக் கொடுங்கள், அது வேறு. கார் கிடைக்காமல் டாக்சி பிடித்தால், கேரள வரி கட்டியாகிவிட்டதா, அது யார் கணக்கு என்பதை ஏறும் முன்பே டிரைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விடுமுறையில் முடியாமல் போனால் கார்த்திகை, மார்கழிக்குத் தள்ளிவிடாதீர்கள். சபரிமலை வண்டிகளால் அந்தப் பாதை நிறைந்திருக்கும். தை பிறந்து, மகரவிளக்குக் கூட்டமும் இறங்கிய பிறகு போங்கள். அருவியில் தண்ணீர் குறைந்திருக்கும், ஆனால் வானம் தெளிவாக இருக்கும்.